பின்னட்டையில் பென்சில் எண்

ஜூலை 7, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் மறுபடி காற்று இல்லை. ஷேர் ஆட்டோவில் நூலகம். ஷூ கம்பெனிப் பெண்கள் நால்வர், நான் ஐந்தாவது. ஒருத்தி: "சூப்பர்வைசர் ரொம்ப பேஜார் பண்றான்க்கா." மற்றவள்: "நீ பண்ற பேஜாருக்கு அவன் எவ்ளோவோ தேவல."

நூலகர் மல்லிகா எனக்காகக் காத்திருந்தார். ஓய்வுபெற்ற நிருபரான நான் வாசகர் வட்டத் தலைவர். ஆண்டுக்கு ஒரு கூட்டம், ஒரு பொன்னாடை. இன்றுதான் முதன்முதலாக வேலை வந்திருக்கிறது. ஏராளமான புத்தகங்களில், பின்னட்டையின் உள்பக்கம், கீழ் மூலையில், பென்சிலில் ஓர் எண். 1 முதல் 5 வரை ஏதாவது ஒன்று. வேறு எழுத்தே இல்லை.

"யாரு சார் இது, நம்ம புக்குக்கெல்லாம் மார்க் போடறது?"

ஆய்வு அதிகாரி போன முறையே பார்த்துவிட்டாராம். அடுத்த திங்கள் வருகிறார். அதற்குள் எழுதிய ஆள் யார் என்று வாசகர் வட்டம் எழுத்தில் தர வேண்டும். தந்தால் அந்த ஆளின் உறுப்பினர் அட்டை ரத்து. தராவிட்டால் மல்லிகாவுக்கு மெமோ.

புரட்டியவற்றில் சில:
சோழர் கால நாவல், மூன்று பாகம்: 1, 2, 4
மூட்டுவலிக்கு யோகா: 3
பணக்காரர் ஆவதற்கு ஒரு வழிகாட்டி: 5
என் கட்டுரைத் தொகுப்பு: 5

ஐந்துக்கு ஐந்து. வழிகாட்டி விஷயத்தில் ஏமாந்துவிட்டார், பாவம். மற்றபடி ரசனை உள்ள ஆள்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை. மனைவியிடம் ஐந்துக்கு ஐந்து விஷயத்தைச் சொன்னேன். "யாரு போட்டது, உங்க தங்கச்சியா?" என்றாள்.

விசாரணை. யார் யார் எதை எடுத்தார்கள் என்ற பதிவேட்டை மல்லிகா காட்டினார். என் புத்தகம் நூலகத்துக்கு வந்த நாளிலிருந்து வெளியே போனது இரண்டே முறை. ஒரு முறை எடுத்தது நான்தான், யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க. மற்றவர் பெயர் ஏகாம்பரம். பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதே பெயர். எண் உள்ள புத்தகங்கள் அத்தனையும் அவர் எடுத்தவை.

"அந்தப் பெரியவரா? தெனம் ஜன்னல் கிட்ட குந்திக்கினு இருப்பாரே," என்றார் மல்லிகா. "நீங்களே பேசிடுங்க சார். எனக்குச் சங்கடமா இருக்கு."

கண்டிக்கத்தான் வேண்டும். முதலில் நன்றி சொல்லிவிட்டு.

மாத்திரை வாங்கினேன்.

ஜூலை 9, புதன்

கா. 10. வடக்கு ஜன்னல் பக்கம் ஏகாம்பரம். எழுபது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் பென்சில். கையிலிருந்த புத்தகத்தின் தாளைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தை முடித்தார். பின்னட்டையைத் திறந்தார், எழுதினார். எந்த ஒளிவுமறைவும் இல்லை.

"நம்பர் போடறது நீங்கதானா?"

"ஆமா சார். முப்பத்தோரு வருஷம் தோல் ஷாப்ல செலக்டர். தோலைப் பாத்தா முதுகுப்புறம் நம்பர் போட்டுத்தான் கீழ வெப்பேன். கை பழகிச்சி. நம்பர் போடாம எதையும் கீழ வெக்க வரல."

தோல் பதனிடும் ஆலையில், தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறல், ஓட்டை பார்த்துத் தரம் பிரிப்பவர் செலக்டர். வடக்கு ஜன்னலும் அதற்குத்தானாம். நேர் வெயில் விழாத வெளிச்சத்தில்தான் குறை தெரியும் என்றார்.

"என் புத்தகத்துக்கு அஞ்சு போட்டிருக்கீங்க. நன்றி."

பென்சிலைப் பையில் செருகினார்.

"நன்றியா? சார், செலக்‌ஷன்ல ஒண்ணுதான் ஒசத்தி. எக்ஸ்போர்ட் சரக்கு. அஞ்சுன்னா..." தயங்கினார். "ஷூவுக்குள்ள லைனிங்குக்குப் போவும். வெளிய தெரியாது."

அவர் நிறுத்தவில்லை, புத்தகத்தையும் தோல் மாதிரியே பிரித்தார்.

"கழுத்து சுமார் சார். முதுகு நல்ல கெட்டி. வயிறு பூரா லூசு. பாலாத்துல வெள்ளம் வந்ததை மூணு வாட்டி எழுதிக்கிறீங்க."

"நான் எழுதினதுன்னு தெரிஞ்சே போட்டீங்களா?"

"யார் சரக்குன்னு பாக்கறதில்ல சார். பாத்தா கை தப்பாப் போவும். மொதலாளி மச்சான் சரக்குக்கே நாலு போட்டவன் நானு."

வீட்டில் இரவு பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். மனைவி: "என்ன, மார்க் கொறஞ்சிடுச்சா?"

ஜூலை 10, வியாழன்

என் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். வெள்ளம் மூன்று முறை வரவில்லை. நான்கு முறை.

அதிகாரிக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். பெயர்: ஏகாம்பரம். பொதுச் சொத்துக்குச் சேதம். கோபத்தில் எழுதவில்லை என்று இங்கே குறித்துக்கொள்கிறேன். மல்லிகாவிடம் தகவல் மட்டும் சொன்னேன், கடிதம் என்னிடமே இருக்கிறது.

ஸ்கூட்டர் பஞ்சர். ஆணி இல்லை, ஷூ தைக்கும் ஊசியின் முனை.

ஜூலை 11, வெள்ளி

நூலகம் விடுமுறை. எங்கள் வீட்டு கேட் அருகே ஏகாம்பரம். செருப்பை வெளியே விட்டு, உள்ளே வராமல் நின்றார். கையில் புது ரப்பர், உறை பிரிக்காதது.

"கார்டு கேன்சல்னு மேடம் சொன்னாங்க. எல்லாத்தையும் நானே அழிச்சிட்றேன் சார். இனிமே பென்சிலே எடுத்துக்கினு வர மாட்டேன். கார்டு மட்டும் போவாம பாத்துக்கோங்க."

உட்காரச் சொன்னேன். மனைவி டீ வைத்தாள். அவரே சொன்னார்: வேலையில் இருந்தவரை புத்தகமே தொட்டதில்லை. பிறகு கண்ணில் புரை. போன வருஷம் வேலூரில் ஆப்பரேஷன்.

"கட்டு பிரிச்சாங்கோ. கண்ணு பளிச்சினு தெரியுது. ஆனா பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல மருமவ டிவி சீரியலு. லைப்ரரிக்கு வந்தேன். கார்டை எடுத்துட்டா இந்தக் கண்ணை வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?"

அடுத்து நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"என் புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்து, நம்பரை மாத்த முடியுமா?"

டீயைக் கீழே வைத்தார். ரப்பரைக் கையில் உருட்டினார்.

"அழிச்சிட்றேன் சார். ஆனா வேற நம்பர் போட மாட்டேன். அது அஞ்சு சார்."

போய்விட்டார். மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே: "கார்டு போற நேரத்துலயும் மாத்தலையே. நீங்கதான் அந்தக் காலத்துல மந்திரி பேச்சை மாத்தி எழுதுவீங்க."

ஒரு முறைதான். அதுவும் அவருக்குத் தொண்டை சரியில்லாத அன்று.

கடிதத்தைக் கிழித்தேன். ஆனால் ஏதாவது ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். மின்விசிறி ஒன்றுதான் ஓடியது, அதுவும் அதிகாரி பக்கம். நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். மல்லிகா எண் போட்ட புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். ஏகாம்பரம் ஜன்னலோரம், கையைக் கட்டிக்கொண்டு.

"வாசகர் வட்டம் ஆளைக் கண்டுபிடிச்சுதா?"

"நான்தான்," என்றேன்.

மல்லிகா கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். ஏகாம்பரம் எழுந்திருக்கப் பார்த்தார், முறைத்தேன், உட்கார்ந்தார்.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். என்னுடையது. அட்டையில் என் பெயரைப் படித்தார். பின்னட்டையைத் திறந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"உங்க புத்தகத்துக்கு நீங்களே அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கிட்டீங்களா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

ஜன்னல் பக்கமிருந்து குரல்: "அது வந்து சார், அஞ்சுன்னா..."

"ஆமாம். போட்டுக்கிட்டேன்," என்றேன், அதை விடச் சத்தமாக.

ஊரில் எல்லோரைப் பற்றியும் நாற்பது ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு சிரிப்பை யாருக்கும் வாங்கித் தந்ததில்லை. தண்டனை: என் அட்டை ஆறு மாதம் நிறுத்தம், தலைவர் பதவி நீக்கம், எண்களை நானே அழிக்க வேண்டும். மல்லிகாவுக்கு மெமோ இல்லை. ஏகாம்பரத்தின் அட்டை ஏகாம்பரத்திடம்.

ஜூலை 15, செவ்வாய்

அழித்தோம். அவர் ரப்பர், என் பெயர். டீக்கடையில் ஒருவர் குரல், பெஞ்சிலிருந்து: "அதோ போறாரு, அஞ்சுக்கு அஞ்சு." தோள் வலி. மல்லிகா மூட்டுவலிக்கு யோகா புத்தகத்தை எடுத்து நீட்டினார், பிறகு என் அட்டை நினைவுக்கு வந்து திரும்ப வைத்தார்.

ஜூலை 17, வியாழன்

சிறு தூறல். ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். எனக்காகத் தன் அட்டையில் ஒரு புத்தகம் எடுத்து வந்திருக்கிறார். ஆறு மாதமும் இப்படியே கொண்டுவந்து தருவாராம், தேர்வு அவருடையது. பார்த்தேன்: மண்புழு உரம் தயாரிக்கும் முறை. எழுபத்திரண்டு பக்கம்.

"ஃபர்ஸ்ட்டு செலக்‌ஷன் சார். கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் ஒரு ஓட்டை இல்ல."

மாலைக்குள் படித்து முடித்தேன். இரண்டாம் முறை, குறை கண்டுபிடிக்கவே படித்தேன். இல்லை.