அண்ணன் எழுந்து போகாத படம்

டிசம்பர் 3, புதன்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், அண்ணி போன். முத்துச்செல்வி அண்ணி சும்மா போன் செய்கிற ஆள் இல்லை. "இந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு உங்க வூட்டுக்கு வர்லாம்னு கீறோம்" என்றார். பஸ் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நாலு வருடம் ஆகிறது, அண்ணன் என் வீட்டு வாசலை மிதித்து.

அப்புறம் அண்ணி குரலைத் தாழ்த்தினார். "எஸ்தர் படம் பாக்கணும்னு ஒரே அழுக. கிளாஸ்ல எல்லாப் பசங்களும் கிறிஸ்துமஸ் படம் பாக்குறாங்களாம். உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். பிரவீ நல்ல படமா போட்டா பாக்கலாம்னு சொல்ட்டாரு. பாத்துப் போடு பிரவீனா."

பாத்துப் போடு! அண்ணனின் ஏழு வயது மகளுக்கு ஒரு படம். அது அண்ணனும் எழுந்து போகாத படமாக இருக்க வேண்டும். எங்கே போய்த் தேடுவேன்?

டிசம்பர் 4, வியாழன்

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்ததை யோசித்துக்கொண்டே இருந்தேன். அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் மதியம். பிரியாணி பாதித் தட்டில் இருக்கிறது, டிவியில் ஏதோ ஒரு படம். ஒரு பாட்டு வந்தது. கொஞ்சம் அப்படி இப்படியான பாட்டுதான். அண்ணன் எழுந்து டிவியை அணைத்தான். "இதுக்கா கூப்ட்ட?" என்றான். அண்ணன் சபையில் மூப்பர். அவனுக்கு சினிமா பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "என் வூட்ல வந்து பிரசங்கம் பண்ணாத. நீ உன் சபையிலயே இரு" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். அவன் இருக்கிற மறைமலை நகருக்கும் எங்கள் படப்பைக்கும் எவ்வளவு தூரம்? அரை மணி நேரம். அதைக் கடக்க இரண்டு பேருக்கும் நாலு வருடம்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து மூன்று பேரும் கமிட்டி போட்டோம். நான், பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவள். வீட்டுக்காரர் ஜெபகுமார், சாத்தான்குளத்துக்காரர், இங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் நிலா, எட்டாம் வகுப்பு, வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள்.

"பேசாம கிரிக்கெட்டப் போட்டுருவோம். அதுல பாவம் ஒண்ணும் கெடையாதுல்லா" என்றார் அவர்.

"அதுல நடுநடுவுல விளம்பரம் வரும்ப்பா. அது படத்த விட மோசம்" என்றாள் நிலா.

சரியாகத்தான் சொல்கிறாள்.

கடைசியில் முடிவு: பழைய படமாக இருக்க வேண்டும், பழசு என்றால் மரியாதையாக இருக்கும். எதுவானாலும் முதலில் நான் முழுதாகப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். லைனில் தினமும் ஆயிரம் பீஸ் பார்க்கிறேன். ஒரு படத்தைப் பார்க்க முடியாதா?

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் படம். கிறிஸ்துமஸ் தாத்தா ஊர் ஊராகப் பரிசு கொடுக்கிறார். எவ்வளவு நல்ல ஆரம்பம்! பன்னிரண்டாம் நிமிடத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுக்கிறார். இருபதாம் நிமிடத்தில் வண்டி தள்ளாடுகிறது. ரிஜெக்ட்.

டிசம்பர் 10, புதன்

இரண்டாவது படம். அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள், ஒரு நாய். சண்டை இல்லை, குடி இல்லை. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் நாய் செத்துவிட்டது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டு மேலே எட்டிப் பார்த்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். நாய்க்கு என்று எப்படிச் சொல்வது?

ரிஜெக்ட்.

டிசம்பர் 12, வெள்ளி

தமிழிலேயே தேடலாம் என்று இறங்கினேன். நம் சினிமாவில் கிறிஸ்தவர்கள் என்ன பாடுபடுகிறார்கள்! சர்ச்சில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கெட்டவன். ஃபாதர் வந்தால் அவருக்குக் கொலைகாரன் யாரென்று தெரியும், சொல்ல மாட்டார். மெழுகுவர்த்தி ஏற்றினால் யாரோ சாகப் போகிறார்கள். கிறிஸ்துமஸ் மரம் ஒன்றே ஒன்றில் வந்தது. அதன் மேல் சண்டைக்காரர் ஒருவர் விழுந்தார்.

டிசம்பர் 13, சனி

கேன்டீனில் அம்சவல்லியிடம் புலம்பினேன். என் பக்கத்து டேபிளில் செக் பண்ணுகிறவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க அண்ணனுக்கு இன்னா படம் புடிக்கும்னு அவரையே கேளேன்" என்றாள்.

அண்ணனிடமா? நானா? போன் போட்டா?

ஒரு வாய் சாம்பார் சாதம் புரைக்கேறியது.

டிசம்பர் 16, செவ்வாய்

கிடைத்துவிட்டது! கறுப்பு வெள்ளை. ஏதோ ஒரு குளிர் தேசத்து மலை ஊர். ஒரு போஸ்ட்மேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தபால் ஆபீஸை மூடிவிடுகிறார்கள், அவருக்கு வேலை போகிறது. வீட்டில் சொல்ல மனசு வரவில்லை. தினமும் சீருடை போட்டுக்கொண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பி, ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார். கடைசியில் மூடிய ஆபீஸில் ஒரு மூட்டைக் கடிதம் கிடக்கிறதென்று தெரிந்து, கிறிஸ்துமஸ் அன்று பனியில் நடந்தே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். முத்தம் இல்லை. குடி இல்லை. துப்பாக்கி இல்லை. நாய் இருக்கிறது, கடைசிவரை உயிரோடு இருக்கிறது.

ஓகே.

டிசம்பர் 17, புதன்

நிலா: "கலரே இல்லியேம்மா. டிவி ரிப்பேர்னு நெனச்சிக்கப் போறாங்க."

டிசம்பர் 20, சனி

சந்தேகத்துக்கு இரண்டாம் தரம் பார்த்தேன். புது பிரச்சினை. எல்லாரும் ஏதோ பாஷையில் பேசுகிறார்கள், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. எஸ்தரால் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது. அண்ணிக்கும் கஷ்டம்.

"நான் எதுக்கு இருக்கேன்? நான் பேசுதேன்" என்றார் வீட்டுக்காரர்.

பயமாக இருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

மூன்றாம் தரமும் பார்த்துவிட்டேன். நாய் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

டிசம்பர் 25, வியாழன்

வந்தார்கள். அண்ணனுக்கு மீசையில் நரை. எஸ்தர் என்னை மறந்தே போயிருந்தாள், கேக்கைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. அண்ணனும் நானும் பிரியாணியைப் பற்றி மட்டும் பேசினோம். நல்லாக்கீது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? போதும். இரண்டு அந்நியர்கள் ஹோட்டலில் பேசுவது மாதிரி.

இரண்டு மணிக்குப் படம் போட்டேன். வீட்டுக்காரர் டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் அவரே குரல் கொடுத்தார். பனி தேசத்து போஸ்ட்மேன் சுத்தமான சாத்தான்குளத்துத் தமிழ் பேசினார். "எம்மா, ஒங்களுக்கு ஒரு லெட்டர் வந்துருக்கு. கதவத் தொறங்க, காலு வெறச்சிப் போச்சில்லா!" எஸ்தர் தரையில் உருண்டு சிரித்தாள். அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. எனக்கு மூன்று வாரத்துப் பாரம் இறங்கியது.

ரயில் நிலையக் காட்சி வந்தது. போஸ்ட்மேன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். "சவம், இன்னைக்கும் இட்லிதானா?" என்றார் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தோம்.

அண்ணன் எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் பின்னாலேயே ஓடினேன். பக்கத்துக் காலி மனையில், அளவுக் கல் நட்டிருக்கிற இடத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

"இன்னாண்ணா? இதுல இன்னா தப்பு கண்ட? மூணு வாட்டி பாத்தேன் நானு! ஒரு முத்தம் கீதா? ஒரு பாட்டில் கீதா? நாய் கூட சாவல!"

"தப்பு இல்ல பிரவீ."

திரும்பினான். அழுதிருந்தான். அம்மா செத்தபோதுகூட நான் பார்க்காத அழுகை.

"நானும் அப்டித்தான் உக்காந்துனு இருந்தேன். செங்கல்பட்டு ஸ்டேசன்ல. யூனிபார்ம் போட்டுனு, டிபன் பாக்ஸ் எடுத்துனு. ரெண்டு மாசம்."

எனக்குப் புரியவில்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாகத்தானே கேள்விப்பட்டேன்?

"மார்றதுக்கு முன்னாடி. எங்க ஷிப்ட்ல பாதிப் பேர எடுத்துட்டாங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி, கிறிஸ்துமஸுக்கு முந்துன வாரம். யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கி நான் பாட்டுக்கா எந்திரிச்சேன்னு நெனச்சினு கீற? அதுக்கு முன்னாடி ஒரு காமெடி வந்துச்சு. வேலய வுட்டுத் தொரத்துன ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட மாட்டிக்குவான். நீங்கள்லாம் அப்டி சிரிச்சீங்க. என்னால உக்கார முடியல. அப்புறம் அந்தப் பாட்டு வந்துச்சு, அதச் சாக்கா வச்சிக்கினேன்."

"நாலு வருசம்ணா! ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம்ல?"

"நீ எங்க சொல்ல வுட்ட? சபையிலயே இருன்னு சொல்லி கதவச் சாத்திட்ட."

ஆமாம். சாத்தினேன். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவனை நிமிரக்கூட விடவில்லை. அவன் சொன்னதும்தான் நினைவு வந்தது. இத்தனை நாள் அந்தப் பாகத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் நான் சண்டையை நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

"தப்புதாண்ணா."

"எம்மேலயுந்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். வாசல் பக்கம் பார்த்து, "அந்தாளுக்கு அப்புறம் இன்னா ஆவுது?" என்று கேட்டான்.

"உள்ள வந்து பாரு."

நிலா படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். வீட்டுக்காரர் நடுங்கிப்போய், "மச்சான், வேணும்னா நான் வாய மூடிக்கிடுதேன்" என்றார்.

"நீங்க பேசுங்க மாப்ள. நீங்க பேசலன்னா அந்தாளு ரொம்பப் பாவமாக் கீறாரு."

கடைசிக் காட்சியில் போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்கிறார். அவர் மனைவிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் அந்த இடத்தில் குரல் கொடுக்கவில்லை. யாருக்கும் தேவைப்படவில்லை.

அண்ணன் மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தான். அண்ணி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் அண்ணி போன். "நல்ல படம் போட்ட போ! எனுக்கு ஒண்ணுமே தெரியாது பிரவீனா, நெஜமா. ரெண்டு மாசம் டிபன் கட்டிக் குட்த்துனு இருந்தேன், மூளைக்கு எட்டல. அவரா சொன்னப்புறம்தான் தெரியும். உங்ககிட்ட யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாய அடச்சிட்டாரு. அந்தப் பொம்பள மொத நாளே கண்டுபுடிச்சிட்டாளாமே! வண்டில வர வழியெல்லாம் அதயே சொல்லிக் காட்டினு வராரு உங்க அண்ணன்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அண்ணியும் சிரித்தார். பின்னாலிருந்து அண்ணன், "இன்னா சிரிப்பு அங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். ஆராதனை முடிந்து நேரே வருகிறார்கள். அண்ணன் கையில் பை நிறைய வஞ்சிரம். "கொழம்பு வையி. எஸ்தர் எதோ கரடிப் படம் பாக்கணுமாம்" என்றான்.

"அத நான் இன்னும் பாக்கலியேண்ணா, அதுல இன்னா இருக்கோ..."

"வுடு பிரவீ. கரடிதான இருக்கும்."

குழம்பு கொதிக்க வைத்துவிட்டு வந்து பார்த்தேன். கரடி எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் அண்ணன் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். அண்ணன் சோபாவில் வாயைப் பிளந்து தூங்குகிறான். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்குகிறது, எழுந்தால் வலிக்கும்.

உள்ளே போய் ஒரு தலையணை எடுத்து வந்தேன்.