பர்சார் அம்மாவுக்கு, கெலமங்கலத்திலிருந்து வந்த ஃபோட்டோக்களைப் பற்றி

எங்கள் வீட்டின் நிரந்தர நிதியமைச்சரே, என் அம்மா,

கல்லூரியில் ஃபீஸ் கணக்குப் பார்த்த உன் பர்சார் நாற்காலியில் இப்போது ஒரு சார் உட்கார்ந்திருக்கிறார். உன் கல்லூரியிலேயே நானும் முதலாமாண்டு சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே, சீட்டு மார்க்கில்தான் கிடைத்தது.

பர்சார் என்றால் என்ன என்று சின்ன வயதில் கேட்டதற்கு நீ சொன்னாய்: பழைய லத்தீனில் 'பர்ஸா' என்றால் பை. அந்தக் காலத்து மடங்களில் பணப்பையை வைத்திருந்தவருக்கு வந்த பெயர் அது. நம் பர்ஸும் அதே வழியில் வந்ததுதான். அன்றிலிருந்து உன்னைப் பைக்காரி என்றே கூப்பிட்டேன். அப்பேர்ப்பட்ட பைக்காரி ஒரு 'பை' கூடச் சொல்லாமல் கண்ணை மூடலாமா?

சரி, அந்தக் கோபம் அப்புறம். இப்போது அவசரம்.

ஃபீஸ் கட்டாத பிள்ளைகளை நீ எப்படிக் கூப்பிடுவாய்? "ஐடி கார்டுல ஃபோட்டோ சரியா விழல, ஆஃபீஸுக்கு வந்துட்டுப் போ." உள்ளே போன பிறகுதான் தவணைப் பேச்சு. வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. புது சார் அட்டெண்டரை வகுப்புக்கே அனுப்பிப் பேர் படிக்கச் சொல்கிறார். போன வாரம் என் பக்கத்தில் இருந்த சைலஜா எழுந்து நின்றாள். அதோடு வரவில்லை.

கெலமங்கலத்தில் அவர்களுக்குத் தக்காளித் தோட்டம். இந்த முறை விலை விழுந்துவிட்டது. அப்பாவை அவள் நாயனா என்பாள். போனில் சொன்னாள்: "எங்க நாயனா மூக்கண்டப்பள்ளி கம்பெனில சேத்து விடறேன்றாரு. பரீட்சையெல்லாம் நீயே எழுதிக்கோடி."

திங்கட்கிழமைக்குள் ஹால் டிக்கெட் வாங்காவிட்டால் அவளுக்குப் பரீட்சை இல்லை.

எனக்குக் கை சும்மா இருக்குமா? உன் குரலில் அவள் நாயனாவுக்கு போன் போட்டேன். காலேஜ் ஆஃபீஸ், ஃபோட்டோ சரியில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவரும் சரிம்மா சரிம்மா என்றார். மறுநாள் பிள்ளை வரவில்லை. பஸ் கண்டக்டர் கையில் ஒரு கவர்தான் ஆஃபீஸுக்கு வந்தது. உள்ளே புதிதாக எடுத்த ஃபோட்டோக்கள். நீலத் திரைக்கு முன்னால் தலை நிறையக் கனகாம்பரத்தோடு சைலஜா. நீ செய்தபோது மட்டும் இது எப்படியம்மா பலித்தது?

ஃபோட்டோ கேட்டது யார் என்று சார் விசாரித்தார். நானே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கம்மா இப்படிப் பொய் சொல்லித்தான் வசூல் பண்ணாங்களா?"

"ஆமா சார். ஆனா யாரையும் எழுப்பி நிக்க வெக்கல."

கவரிலிருந்த கனகாம்பர ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவங்கப்பாவ வரச் சொல்லு. தவணை போட்டுக் குடுக்கறேன்" என்றார். பேர் படிப்பதை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டினார். அதற்கு என்ன அர்த்தம் அம்மா? உனக்குத்தான் ஆஃபீஸ் பாஷை தெரியும்.

நாளைக் காலை பஸ்ஸில் கெலமங்கலம் போகிறேன். இந்த முறை கடன் வாங்கிய குரல் இல்லை, என் சொந்தக் கீச்சுக் குரல்தான். நாயனா சம்மதித்துவிடுவார் என்று நினைக்கிறேன். சைலஜா? ஃபீஸுக்குத் தவணை உண்டு, அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நின்றதற்கு என்ன உண்டு?

அவள் என்னோடு பஸ் ஏறும்வரை அவர்கள் வாசலை விட்டு நகர மாட்டேன். இது விளையாட்டு இல்லை அம்மா, சத்தியம்.

இப்படிக்கு,
நீ பெற்ற ஒரே வம்பு,
உன் மகள்