மந்திரியின் ஊசி அட்டை

பிப்ரவரி 4, புதன்

என் வாயாடித் தங்கைக்கு,

அண்ணனும் அண்ணியும் உன் வசவைக் கேட்காமல் காது குளிர்ந்து இருக்கிறோம். பாலம் தாண்டி இந்தக் கரைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. புதன்தோறும் எங்கள் கால்நடை அலுவலகத்திலிருந்து உன் ஆய்வகத்துக்கு மாட்டு ரத்தம் போகிற ஐஸ் பெட்டியிலேயே கடிதத்தையும் செருகிவிடலாம் என்று டிரைவர் சொன்னார். நல்லதாகப் போயிற்று. போனில் நீ என்னை வாய் திறக்கவே விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா!

பெட்டிக்குப் பஞ்சு வைத்து உறை தைத்திருப்பது உன் அண்ணி. ஐஸ் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கிறது. ஆபீஸில் இப்போது அவளுக்குத்தான் பெயர், எனக்கு இல்லை.

ஒரு கெட்ட செய்தி. மந்திரி போய்விட்டான். கிளம்பும்போது நீ அண்ணி மடியில் வைத்துக் கொடுத்த நாய்க்குட்டி, வந்த மூன்று வாரத்தில் தெருநாய்களையெல்லாம் கடித்து விளையாடி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தான். போன வாரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகக் கிடந்தான். நான் முகாமில் இருந்தேன். உன் அண்ணி, "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு, பாவம்" என்று வாய்க்குள் கைவிட்டுத் துழாவியிருக்கிறாள். எலும்பு அகப்படவில்லை. வலது கை விரல்களில் பல் கீறியதுதான் மிச்சம். நான் வந்து சேர்வதற்குள் செத்துப் புதைத்தும் ஆகிவிட்டது.

வேறு யார் வீட்டு நாயாக இருந்தாலும் எனக்கு வேறு மாதிரி எண்ணம் ஓடியிருக்கும். இவனுக்குத்தான் உன் கையெழுத்துப் போட்ட ஊசி அட்டை இருக்கிறதே. இந்தக் கரையில் வெறிநோய் ஒழிந்தும் ஒன்பது வருடம் ஆகிறது. நாலு மாதக் குட்டி இவ்வளவு சவலையா என்று அவனைக் கேலி செய்ததுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. உன் அண்ணி தையல் மெஷினைத் தொட்டு இரண்டு நாள் ஆயிற்று.

பாசமுள்ள அண்ணன்


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணனுக்கு,

காலிப் பெட்டி உங்கள் கரைக்குக் கிளம்புவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். மந்திரி போனதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எலும்பாகத்தான் இருந்திருக்கும், இல்லாவிட்டால் குடலில் பூச்சி. குட்டிகளுக்கு எத்தனையோ வரும். அண்ணியைத் தேற்று. கீறலுக்கு ஏதாவது களிம்பு போட்டார்களா? வேண்டுமானால் இன்னொரு குட்டி பார்த்து வைக்கிறேன்.

இங்கே வேலை முதுகை ஒடிக்கிறது. முந்நூறு மாதிரிகள் வரிசையில் நிற்கின்றன. உறை பிரமாதம் என்று அண்ணியிடம் சொல். லேபில் எல்லோரும் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். நான் பெருமையாக, "எங்க அண்ணி தைச்சது" என்றேன்.

உன் தங்கை


மார்ச் 18

தங்கைக்கு,

இந்த முறை பெட்டியில் மாட்டு ரத்தம் இல்லை. நான்கு நாய்த்தலைகள். நான்கும் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருவையும் சேர்ந்தவை. ஒன்று தபால்காரரைக் கடித்துவிட்டது. அன்றைக்கே ஊசி போட்டாயிற்று, மனுஷர் தப்பித்தார். இது வேறு ஏதோ நோய் என்று நீ சொல்லிவிட்டால் உனக்குக் கோடிப் புண்ணியம்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

நான்கும் வெறிநோய்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒன்று கவனி. இந்தக் கிருமியின் மரபணுவில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் எழுத்து. ஊருக்கு ஊர் அதில் சில எழுத்து மாறியிருக்கும். அதை வைத்து எது எதற்கு உடன்பிறப்பு என்று சொல்லிவிடலாம். உங்கள் கரையில் ஒன்பது வருடத்துக்கு முன் இருந்தது நரிகளின் கிருமி. இது அந்த வம்சமே இல்லை. இந்தக் கரை நாய்களின் கிருமி. நான்கு தலைகளிலும் இருப்பது ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி. அப்படியானால் ஒரே ஒரு நாய்தான் பாலம் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறது.

எவனோ பொய் அட்டை காட்டி ஒரு நாயைக் கடத்தியிருக்கிறான். அவன் மட்டும் என் கையில் அகப்படட்டும்! பாலம் தாண்டும் நாய்களைப் பதிகிற செக்போஸ்ட் பதிவேட்டை ஒரு பக்கம் விடாமல் பார். நான் இங்குள்ள முந்நூறு நாய் மாதிரிகளோடும் ஒப்பிடுகிறேன். எங்களுக்கு மாதிரியின் எண்தான் தெரியும். தெரு எது என்பது ஆய்வகத் தலைவரான மேடத்தின் பீரோவில் பூட்டியிருக்கும். தெரு தெரிந்தால் மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடும் என்பது அவர் வைத்த சட்டம். எண் பொருந்தியதும் பீரோவைத் திறக்கச் சொல்கிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 8

என் வாயாடிக்கு,

பத்தொன்பது நாய்கள் செத்துவிட்டன. பிள்ளைகளை யாரும் வெளியே விடுவதில்லை. கம்பும் கையுமாகத்தான் ஆட்கள் கடைக்குப் போகிறார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நானே நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி.

பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். டிசம்பரிலிருந்து பாலம் தாண்டியவை இருபத்திரண்டு. இருபத்தொன்றை வீடு தேடிப் போய்ப் பார்த்தாயிற்று. எல்லாம் கொழுகொழுவென்று என்னைப் பார்த்துக் குரைக்கின்றன. மீதி ஒன்று நம் மந்திரி. அவன் அட்டையில் இருப்பது உன் கையெழுத்து. அதையும் சந்தேகப்பட்டால் நான் உருப்பட்ட மாதிரிதான்! ஆக, எவனோ மூட்டைக்குள் ஒளித்துத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பெட்டிக்கு உறை பாதியில் நிற்கிறது, கோபித்துக்கொள்ளாதே. உன் அண்ணிக்கு நேற்றிலிருந்து வலது கை விரலெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி சுருக் சுருக்கென்று இருக்கிறதாம். "தையல்காரிக்கு ஊசி குத்தாம வேறென்ன குத்தும்" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். ராத்திரி தூக்கமில்லை, லேசாகக் காய்ச்சலும் இருக்கிறது. வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

நேற்றுப் போனில், "அண்ணியை இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். நீ "ஏன், ஏன்" என்று கத்தினாய். நான் போனை வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாது என்றாயே, படித்து முடி.

நேற்றுக் காலை எண் பொருந்தியது. 117. உன் நான்கு தலைகளுக்கும் அதற்கும் இரண்டே எழுத்துதான் வித்தியாசம். மேடம் பீரோவைத் திறந்து பதிவேட்டை என் கையில் கொடுத்தார். ஜனவரியில் நகராட்சி ஆட்கள் கொண்டுவந்த பெண் நாய். செம்மண் நிறம். பால் கொடுத்துக்கொண்டிருந்தது. கிடந்த இடம், எங்கள் ஆய்வகத்தின் பின்பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்ட்.

மந்திரியை நான் அங்கேதான் தூக்கினேன். அந்த நாயின் மடியிலிருந்து.

அவனுக்கு நாலு மாதம் இல்லை அண்ணா, இரண்டரை மாதம். ஊசி போடும் வயசே ஆகவில்லை. நான் போடவும் இல்லை. ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தால்தான் பாலத்தில் விடுவார்கள். நீங்கள் மறுநாள் கிளம்புகிறீர்கள். அண்ணி முகம் வாடியிருந்தது. நாலு மாதம் என்று அட்டையில் எழுதி, பழைய தேதியைப் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அங்கே போனதும் நீயே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லலாம் என்றிருந்தேன். உனக்குத் தெரிந்தால் முறைகேடு என்று குதிப்பாய் என்று பயந்து சொல்லவேயில்லை. பொய் அட்டைக்காரன் கையில் அகப்படட்டும் என்றேனே, அகப்பட்டுவிட்டாள்.

ஊசி போட்டிருந்தாலும் அவன் செத்திருக்கலாம், தாயிடமே வாங்கியிருப்பான். ஆனால் அட்டை இல்லாவிட்டால் தாடை தொங்கியது என்ற உடனே நீ அண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய். நீ எனக்கு எழுதவும் செய்தாய். தொங்கின தாடை, எச்சில், கீறல் எல்லாம் உன் எழுத்தில் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் எழுத்தில் ஒன்று மாறினாலும் கண்டுபிடிக்கிறவள், எலும்பாக இருக்கும், களிம்பு போடு என்று பதில் எழுதினேன். அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் அண்ணி இன்றைக்கு உறை தைத்துக்கொண்டிருப்பார்கள்.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பெட்டி வந்தது. விரல் சுருக்கென்று குத்தினால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பல் கீறிய இடத்தில் குத்தல் தொடங்கிவிட்டால் அதற்கப்புறம் எந்த ஊசியும் கேட்காது.

நடந்ததை எல்லாம் மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். நான் வரட்டுமா? நீ வா என்றால் ஓடி வருகிறேன். வாசலில் நிற்கக்கூட எனக்கு முகமில்லை. திட்டு அண்ணா. நாலு வரி, வசவாகவே எழுது. அண்ணி என்ன சொன்னார்கள் என்று மட்டுமாவது எழுது.

தங்கை


ஏப்ரல் 15

அண்ணா,

உன் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில், "கணவர் யாரையும் விட வேண்டாம்னு சொல்லிட்டார்" என்கிறார்கள். இந்தப் புதன் பெட்டியும் வரவில்லை.

ஒரு வரி எழுது.

தங்கை


ஏப்ரல் 22, புதன்

மாதிரியுடன் அனுப்பப்படும் படிவம்

அனுப்புபவர்: கால்நடை ஆய்வாளர், அக்கரை அலுவலகம்

மாதிரி: உமிழ்நீர், பின்கழுத்துத் தோல்

யாருடையது: மனிதர். பெண். வயது 34. தையல் தொழில்.

அனுப்புபவருக்கு உறவு: மனைவி

நோய் தொடங்கிய நாள்: ஏப்ரல் 7

இறந்த நாள்: ஏப்ரல் 17

தொற்றிய வழி: நாய்க்குட்டியின் வாயில் கைவிட்டு எலும்பு தேடியது

அந்த விலங்குக்கு ஊசி போடப்பட்டதா: போட்டதாக அட்டை உள்ளது. அசல் இணைக்கப்பட்டுள்ளது.

பிற குறிப்புகள்: உறையைத் திருப்பி அனுப்பவும். இந்த மாதிரிக்கு எண் போட வேண்டாம். அண்ணி என்று எழுதி வைக்கவும்.