இரண்டு கேட் ஆஸ்பத்திரி

என் அக்காவைக் கட்டியதால் எனக்கு மாமாவாகி, பிறகு அதற்கு மேலும் ஆகிவிட்ட தங்கராஜ் மாமாவுக்கு,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்துவிட்டது. நம் தாலுகா அரசு பிரசவ ஆஸ்பத்திரியின் திருத்திய வரைபடத்தைச் சுகாதாரத் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. வடக்கே காலனி ரோட்டைப் பார்த்து ஒரு கேட், தெற்கே ஊர் ரோட்டைப் பார்த்து ஒரு கேட். இரண்டும் ஒரே அகலம். துறையின் சார்புச் செயலாளர் கையெழுத்திட்ட உத்தரவை நானே பார்த்தேன். பார்த்தது போதாதென்று மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் போன் போட்டுக் கேட்டேன். "நிஜம்தான் சார், எனக்கும் காப்பி வந்திருக்கு" என்றார். பழைய பழக்கம் மாமா, ஒருவர் சொன்னால் எனக்குப் போதாது.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது.

பெங்களூர் தொம்மலூரில் உங்கள் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஒரு மாசம் முன்னாடி போட்டிருந்தா அவங்க பேனாவுல மை தீர்ந்துபோயிருக்குமா?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்திருக்கும். நீங்கள் அந்த அதிகாரியின் பக்கத்தையும் எடுத்துச் சொல்லி அவளை இன்னும் கோபப்படுத்தியிருப்பீர்கள்.

சட்டசபைச் செய்தி எழுதியே என் தலை நரைத்தது. அதில் உங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. சொந்தக்காரரைப் பற்றி எழுதக் கூடாது என்பது பத்திரிகையின் விதி. அதைவிடக் கடுமையாக இருந்தது உங்கள் விதி. "நீ நல்லதா எழுதினா மச்சான் எழுதினான்பாங்க. கெட்டதா எழுதினா உங்க அக்கா மரகதம் எனக்குச் சோறு போடமாட்டா. எனக்கு ரெண்டுமே நஷ்டம்" என்றீர்கள். இப்போது நான் ஓய்வு பெற்றாயிற்று. நீங்களும் இல்லை. எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லாதபோது, எழுதி என்ன ஆகப்போகிறது என்றிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். உங்கள் அப்பா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்கு வந்த சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியபோது தொழிலாளர் காலனியில் பாதிப் பேர் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். நீங்கள் மட்டும் எதிர்த் திசையில், கிராமங்களுக்குள் போனீர்கள். எரிந்துபோன போர்வெல் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் வேலை. எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நின்றுபோயிற்று, எந்த அண்ணன் எந்தத் தம்பிக்குக் கரண்ட் கொடுக்க மறுத்தான் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வீட்டில் தமிழ், தோட்டத்தில் தெலுங்கு, பிறகு சட்டசபை கூடும் விதான சௌதாவில் கன்னடம். மோட்டாரைக் கட்டிக்கொடுக்கப் போன இடத்தில் சண்டையையும் தீர்த்துவைத்தீர்கள். அப்படித்தான் எம்.எல்.ஏ. ஆனீர்கள், அதுவும் இரண்டு தடவை.

பெரிய கட்சிகள் இரண்டுக்கும் நடுவில் நின்ற சின்னக் கட்சி உங்களுடையது. ஆனால் உங்கள் நடுநிலை கட்சியிலிருந்து வந்ததல்ல. நீங்கள் பஞ்சாயத்து பண்ணிய முறையிலிருந்து வந்தது. இரண்டு பேர் சண்டையென்று வந்தால் யாரையும் தன் பக்கத்தைப் பேச விடமாட்டீர்கள்.

"அவன் கேஸை நீ சொல்லு."

"நான் எதுக்குண்ணா அவன் கேஸைச் சொல்லணும்? அவன் வாய்க்கு என்ன வந்தது?"

"சொல்லு. தப்பா சொன்னா அவன் திருத்துவான். அவன் 'ஆமா, இதான்'னு சொல்ற வரைக்கும் உன் பேச்சு எனக்குக் கேக்காது. எனக்குக் காது மந்தம்."

ஆஸ்பத்திரி இடத்துக்கும் அதே முறைதான். பிரசவ வலி வந்தால் கோலாருக்கோ பெங்களூருக்கோ ஓடவேண்டிய தாலுகா நம்முடையது. இருந்த ஒரே அரசு இடம், காலனிக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் கிடந்த மேய்ச்சல் நிலம். ஊர் தர மறுத்தது. நீங்கள் இரண்டு கூட்டத்தையும் அந்த நிலத்திலேயே உட்காரவைத்தீர்கள். ஊருக்குப் பெரியவரான வெங்கடப்பாவைக் காலனியின் கேஸைச் சொல்லவைத்தீர்கள். அவர் முறைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "காலனிப் பொம்பளைங்க வலியோட ரயில்ல நிக்கறாங்க. யாரும் சீட்டு குடுக்கறதில்லே" என்று சொல்லும்போது குரல் மாறிவிட்டது. பிறகு காலனியிலிருந்து ஒரு பெண் எழுந்து ஊரின் கேஸைச் சொன்னாள். "மேய்ச்சலையும் எடுத்துக்கறோம். கேட்டையும் நம்ம பக்கம் வெச்சுக்கறோம். அவங்க குடுத்த நிலத்துல அவங்களே சுத்திக்கிட்டு வரணும். அவங்க பக்கமும் ஞாயம் வேணாமா?"

இரண்டு கேட் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. சட்டசபையில் ஒரு உறுப்பினர் கிண்டல் பண்ணினார்: "ஒரு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மெயின் கேட்டா? நம்ம தங்கராஜுக்கு மூக்கு கூட ரெண்டு இருக்கும் போல." நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அடிக்கல் நாட்டினீர்கள்.

பிறகு அரசாங்கம் ஆட்டம் கண்டது. ஒரு கூட்டம் எம்.எல்.ஏ.க்கள் தேவனஹள்ளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில், இன்னொரு கூட்டம் கனகபுரா ரோட்டில் ஒரு ரிசார்ட்டில். இந்தப் பெங்களூரில் அரசாங்கம் கவிழ்வதென்றால் முதலில் நீச்சல் குளம் உள்ள இடமாகப் பார்ப்பார்கள். எந்தப் பக்கமும் போகாமல் வீட்டில் இருந்தவர்களில் நீங்கள் ஒருவர். அத்தோடு இருந்திருக்கலாம் மாமா. இன்றுவரை எனக்கு ஆறவில்லை. இருந்திருக்கலாம்.

காலையில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனீர்கள், மத்தியானம் இன்னொன்றுக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் செய்ததைப் போல இவர்கள் பக்கத்தை அவர்களிடமும் அவர்கள் பக்கத்தை இவர்களிடமும் எடுத்துச் சொன்னீர்கள். கூடவே ஆஸ்பத்திரி. யார் ஆட்சிக்கு வந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று கேட்டீர்கள். கனகபுரா ரோடு வாசலில் மற்ற நிருபர்களோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பார்க்காதது போல் காரில் ஏறினீர்கள். இரண்டு வாசலிலும் நீங்கள் வெளியே வருவதை டிவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். நாள் பூராவும் காட்டினார்கள்.

போன் பண்ணினீர்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க சம்பத்து! இனி எவன் வந்தாலும் ஆஸ்பத்திரி நிக்காது."

"மாமா, டிவி பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. சட்டை ஏன் அவ்ளோ கசங்கியிருக்கு? உங்க அக்கா இஸ்திரி போட்டதுதானே?"

ஊரில் நியாயம் கேட்கப் பயன்பட்ட அதே பழக்கம், பெங்களூரில் விலை பேசுவது போலத் தெரிந்தது. இரண்டு கூட்டமும் உங்களை எதிர்க் கூட்டத்தின் ஆள் என்று முடிவு கட்டின. தாலுகா அதற்கும் மேலே போயிற்று. ரெண்டு பக்கமும் வாங்கிட்டார் என்றது. அடுத்த தேர்தலில் டெபாசிட் போயிற்று. தாலுகாவை விட்டுத் தொம்மலூருக்கே வந்துவிட்டீர்கள். வேலையைப் புது ஆட்கள் கையில் எடுத்தார்கள். வரைபடத்தை மாற்றினார்கள். ஹைவேக்குக் கிட்ட என்று சொல்லி, காலனிப் பக்கம் ஒரே கேட். ஊர்ப் பக்கம் நெடுஞ்சுவர். வெங்கடப்பா கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். தூண்கள் எழும்பியவரை எழும்பி நின்றன. இன்றும் அப்படியே நிற்கின்றன. மேலே கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கிறது.

"கேட்டை மாத்தினது நானில்லைன்னு ஒரு தடவை ஊருக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க மாமா" என்று எத்தனை முறை கேட்டேன்? நீங்கள் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "வாக்கு குடுத்தது நான்தானே? ரெண்டு கேட்டுன்னேன். அங்க ஒண்ணுதான் இருக்கு. இதுல என்னத்தைச் சொல்றது?" அதைப் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஊரில் எல்லாரையும் அடுத்தவன் கேஸைச் சொல்லவைத்தவர் தன் கேஸை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் ஏன் போனீர்கள்? கேட்கமாட்டார்கள் என்று பயமா? கோபமா? நாங்களாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று காத்திருந்தீர்களா?

நீங்கள் போன மறுநாளே நம் தாலுகா பஸ் ஸ்டாண்டில் இரண்டு பிளெக்ஸ். இரண்டு கட்சியும் உங்கள் கனவை நிறைவேற்றுமாம். இரண்டிலும் ஒரே போட்டோ. அதில் நீங்கள் கொஞ்சம் சிவப்பாகவேறு இருக்கிறீர்கள். அக்கா பார்த்துவிட்டு, "உயிரோட இருந்தப்ப ஒருத்தன் சேத்துக்கலே, இப்ப ரெண்டு பேரும் பங்கு கேக்கறானுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடப்பா வந்தார். தொம்மலூரில் சந்து சந்தாக விசாரித்து வந்திருக்கிறார். ராகி ஒரு மூட்டை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றார். நீங்கள் போனதிலிருந்து அக்கா யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"அவரு இருந்தப்ப உனக்கு பெங்களூரு தூரம். இப்ப கிட்ட வந்துடுச்சா?"

"அண்ணா ஏம்மா எங்க ஊருக்கு வரலே? வருவாரு, வந்து ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்துனு இருந்தேன்."

"நீ ஏன் வரலே?"

"டிவில பாத்தேனே. ரெண்டு எடத்துலயும்."

"டிவில பாத்தே. மோட்டாரு எரிஞ்சா ராத்திரின்னு பாக்காம வந்து நின்னாரே, அதைக் கண்ணால பாத்தியே. எதை நம்பினே?"

வெங்கடப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா உள்ளே போய்விட்டாள். நான்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரிசார்ட்டில் என்ன பேசினீர்கள், வரைபடத்தை யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி. கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: "இதை அண்ணா வாயால கேட்டிருந்தா அன்னிக்கே கேஸை வாபஸ் வாங்கியிருப்பேனே சார்."

அக்கா காபியோடு வந்தாள். அந்தக் கோபத்திலும் சர்க்கரை தனியாகக் கொண்டுவந்திருந்தாள். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று நீங்கள் எப்போதோ சொல்லியிருப்பீர்கள் போல.

அப்போதுதான் அவர் வீட்டு விஷயம் தெரிந்தது. அவர் மருமகளுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம் பெங்களூர் வரும் வழியில் ஆம்புலன்சில், ஹொசகோட்டைக்கு இந்தப் பக்கம், ரோட்டோரத்தில் நடந்திருக்கிறது. குழந்தை தங்கவில்லை. "தடை வாங்கினவன் வீட்லயேம்மா" என்றார். அக்கா டம்ளரை அவர் கைக்குக் கிட்டே நகர்த்தி வைத்தாள்.

வரைபடத்தைத் திருத்தச் சொல்லி ஊர் எப்போதோ கொடுத்த மனு துறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே வெங்கடப்பா ஊர்க்காரர்களோடு பெங்களூர் வந்து எழுப்பினார். செவ்வாய்க்கிழமை உத்தரவு அப்படி வந்ததுதான். ஆனால் சந்தோஷப்பட அவசரப்படவேண்டாம் மாமா. வழக்குப் போட்டவர்களில் அவர் தம்பி மகனும் ஒருவன். பேப்பரில் இரண்டு கேட் போட்டால் போதாது, கட்டிக் காட்டினால்தான் வாபஸ் என்கிறான். தடை இருக்கும்வரை கட்ட முடியாது. கட்டாமல் தடை நீங்காது. நீங்கள் இருந்திருந்தால் அவனை எங்கே உட்காரவைத்திருப்பீர்கள், யார் கேஸைச் சொல்லவைத்திருப்பீர்கள்? நான் முயன்று பார்த்தேன். "நீங்க அவரு மச்சான்தானே சார்?" என்று கேட்டுவிட்டு மோட்டார் பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

அவன் சம்மதித்தாலும் அந்தப் பெண்ணின் பிரசவத்துக்குள் கட்டடம் வராது. பொறியாளரிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

நேற்று அக்கா வெங்கடப்பாவுக்குப் போன் பண்ணினாள். "பிரசவத்துக்கு உன் மருமகளை இங்க கொண்டாந்து விடு. ரூம் இருக்கு. ஆட்டோல ஏறினா ஆஸ்பத்திரி" என்றாள். அவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இன்று நான் போனபோது உங்கள் மருந்து பாட்டில்களை அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்த என்னைக் கூப்பிட்டாள். நகர்த்தினேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு, மாமா. வழக்கு வரும் அன்று நான் கோர்ட்டில் இருப்பேன். நடந்ததை நடந்தபடி, உங்கள் பெயரைப் போட்டு, என் பெயரில் எழுதுவேன். மச்சான் எழுதினான் என்று சொல்லட்டும். அதோடு, அந்தப் பெண் வருவதென்றால் கார் எடுத்துக்கொண்டு நானே ஊருக்குப் போய் அழைத்துவருவேன்.

தசரா விடுமுறை முடிந்து உயர் நீதிமன்றம் திறந்ததும் வழக்கு விசாரணைக்கு வரும் என்று வக்கீல் சொல்கிறார். தம்பி மகன் இன்னும் சம்மதிக்கவில்லை. பிரசவம் கார்த்திகை பிறந்த முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே என்பதற்கு வெங்கடப்பாவிடமிருந்து இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

உங்கள் மச்சான்,
மரகதத்தின் தம்பி,
சம்பத்
மல்லேஸ்வரம், பெங்களூர்