நாற்பத்தெட்டு எண்களை ஏன் கேட்டேன்

பட்டினப்பாக்கம்,
ஞாயிறு

அன்பு மகன் பாரத்துக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு அதையே நலம் என்று எடுத்துக்கொள். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை உன்னைத் தூக்கத்தில் எழுப்பி, கடைக் கம்ப்யூட்டரின் நாற்பத்தெட்டு எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். அப்பா வண்டியில் வழுக்கி விழுந்தார் என்று மறுநாள் சொன்னது பொய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் அழுவேன், அதனால் முழுதாக எழுதி, உன் ஊருக்குக் கிளம்பும் உன் சிநேகிதன் சுஹாஸின் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நம் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த அடுக்குமாடியின் பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்பவன் பிரபு. நம் கடை வாசலில் மீன் விற்கக் கூடாது, பலகையை எடு என்று ஒரு மாதமாக அப்பாவை மிரட்டிக்கொண்டிருந்தான். அந்தப் புதன்கிழமை காலை இரும்புக் குழாயோடு இரண்டு பேரைக் கூட்டி வந்தான். நான் உள்ளே ஒரு பெண்ணுக்கு ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு வெளியே ஓடினால் அப்பா தரையில் கிடக்கிறார், சுற்றி நின்று அடிக்கிறார்கள். குழாய் எலும்பில் படும் சத்தம் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், அது தெரியாமலே நான் செத்திருக்கலாம். நான் அவர்மேல் விழுந்து மறைத்த பிறகுதான் நிறுத்தினார்கள். இடது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது, நெற்றியில் ஏழு தையல். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால், பிரபு எனக்கு முன்பே வாயில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பல் போய்விட்டதாம், அப்பாதான் முதலில் எடைக்கல்லால் அடித்தார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்க வூட்டுக்காரு கையே தூக்கல சார் என்று எல்லோர் முன்னாலும் உன் தலைமேல் சத்தியம் செய்தேன். கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். அதை அவன் காதுபடச் சொன்னதுதான் என் புத்திகெட்ட வேலை. கடையைச் சாத்தும்போது, அந்தப் பதிவெல்லாம் சேரும் கம்ப்யூட்டர், அப்டேட் செய்து அணைக்கவா என்று கேட்டது, எதையும் படிக்காமல் ஆமாம் என்று அழுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வியாழக்கிழமை காலை போட்டால் கறுப்புத் திரையில் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. மூன்று முறை அணைத்துப் போட்டேன். கடைசியில் நீலத் திரை வந்து, நாற்பத்தெட்டு எண் சாவியைக் கொடு என்று நின்றுவிட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நாஸியாவுக்குப் போன் செய்தேன், எதையும் தொடாதீங்க ஆன்ட்டி, வரேன் என்றாள். அவளுக்கு முன்பே பிரபுவின் ஆட்களில் ஒருவன் வந்துவிட்டான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "கேமரா பொட்டி எங்க கீது?" என்றான். கம்ப்யூட்டரே ஓடவில்லை, நீயே பார் என்றேன். என் முடியைப் பிடித்து மேஜையில் மோதினான், உதடு கிழிந்தது. அப்புறம் மானிட்டரைத் தூக்கித் தரையில் அடித்து, கண்ணாடி பொடியாகும்வரை மிதித்தான். மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியை அவன் பார்க்கவே இல்லை, திரையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிட்டான் மடையன். கிளம்பும்போது என் தாலியை முறுக்கிப் பிடித்து இன்னொரு கையை ஓங்கினான். கைக்கு எட்டிய பெரிய ஸ்டேப்ளரால் அவன் மணிக்கட்டில் இரண்டு முறை ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் என்னவோ முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது பாரத், அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிறகு நாஸியா வந்து என் உதட்டைத் துடைத்துவிட்டு, தன் கடையிலிருந்து ஒரு மானிட்டரை வரவழைத்து மாட்டினாள். அப்டேட்டில் ஏதோ மாறியதால் பூட்டிக்கொண்டது, பதிவெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும், இந்த மிஷினை முதலில் யார் அமைத்தாரோ அவர் கணக்கில் சாவி இருக்கும் என்றாள். அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ ஆறு ஆறாகச் சொன்னாய், நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பூட்டு திறந்தும் கம்ப்யூட்டர் ஓடவில்லை, கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கிய பிறகுதான் உயிர் வந்தது. புதன்கிழமைப் பதிவைப் போட்டாள். பிரபு மீன் தட்டைக் காலால் எத்துகிறான், வஞ்சிரமெல்லாம் சாக்கடையில் விழுகிறது. அப்பா குனிகிறார், இரண்டு கிலோ எடைக்கல்லை எடுக்கிறார், அவன் வாயிலேயே அடிக்கிறார். அதற்குப் பிறகுதான் குழாய் இறங்குகிறது.

அந்த முன்பாதியை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா என்று நாஸியாவிடம் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள், "வெட்டலாம் ஆன்ட்டி. ஆனா அவன் எத்துனதும் அதோட சேர்ந்து போயிடும்." இன்னொரு முறை முதலிலிருந்து போடச் சொல்லிப் பார்த்தேன். பிறகு முழுதாகவே பென் டிரைவில் ஏற்றச் சொல்லி, நானே ஸ்டேஷனில் கொடுத்து, நேற்று செய்தது பொய்ச் சத்தியம் என்றும் ஸ்டேப்ளரால் நான் அடித்ததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். பிரபுவும் அந்த இரண்டு பேரும் இப்போது உள்ளே இருக்கிறார்கள். அப்பா மேலும் கேஸ் உண்டு, மயிலாப்பூர் வக்கீல் நீரஜா மேடம் ஜாமீன் எடுத்துவிட்டார், கட்டுப்போட்ட கையோடு வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போடுகிறார். என்னையும் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள், இன்னும் கூப்பிடுவார்கள்.

பதிவைக் கொடுத்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை, நான் ஊட்டிய கஞ்சியை மட்டும் குடித்தார். மூன்றாம் நாள், "நானே சொல்லணும்னுதான் கெடந்தேன். நீ புள்ள மேல சத்தியம் பண்ணிட்டன்னாங்க, அப்புறம் வாயே வரல" என்றார். மீன் பலகையில் இப்போது காலையில் நான் உட்காருகிறேன், மதியம் ஜெராக்ஸ். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதைப் படித்ததும் டிக்கெட் தேடாதே, பிரபு வீட்டுக்கு ஆள் அனுப்பாதே. உனக்கும் அப்பாவைப் போலச் சட்டென்று ஓங்கும் கைதான் என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருக்காதே. உன் தலைமேல் செய்த பொய்ச் சத்தியம் என்னோடு போகட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் எல்லையம்மன் காக்கட்டும். மறக்காமல் வெள்ளிக்கிழமை, அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததும் அப்பாவுக்குப் போன் செய். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதே. எடைக்கல்லால் ஏன் அடித்தீர்கள் என்றும் கேள். நான் இன்னும் கேட்கவில்லை. உன்னிடம் சொல்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துமாரி அங்கமுத்து