சித்தப்பா எடுத்த வீடியோ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உன் பொண்ணும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன்ல பேசினா நீ அழுவ, நான் கத்துவேன், அதான் கடுதாசி.

நீ பார்த்த வீடியோவை எடுத்த மகான் உன் சித்தப்பா. மூணு நாள் தங்க வந்தவன் முதல் ராத்திரியே டாக்டர் ஆயிட்டான். பாப்பா தூங்கி ரெண்டு மணி நேரம்கூட ஆகலை, வீல்னு அலறி எழுந்து உட்கார்ந்தா, கண்ணு திறந்திருக்கு, ஆனா நான் யாருன்னு தெரியலை, தொட்டா தள்ளிவிடுறா. ஒரு வாரமாவே இப்படித்தான், உன்கிட்ட மறைச்சது என் தப்பு. அந்த நேரத்துல பிள்ளையைப் பிடிக்காம போனைப் பிடிச்சவனை என்னன்னு சொல்ல? தாய் ஏக்கம்னு ஒரு தீர்ப்பும் எழுதி உனக்கு அனுப்பியிருக்கான், சொந்தப் பிள்ளை எந்த கிளாஸ் படிக்குதுன்னு தெரியாதவன். அதுவும் போதாதுன்னு காலையில அவளை மடியில வச்சு, பாரு நீ எப்படிக் கத்துறேன்னு போட்டுக் காட்டியிருக்கான். அதுவரைக்கும் அவளுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. அன்னைக்குப் படுக்கக் கூப்பிட்டா, தூங்கினா வீடியோல கத்துற அந்தப் பொண்ணு வந்துடுவா தாத்தான்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கதவுகிட்ட நிக்குறா. விடிஞ்சதும் அவன் பெட்டியை நானே தெருமுனை வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன் அண்ணேன்னான். கெட்டதுக்குன்னா கொஞ்சம் யோசிச்சாவது செஞ்சிருப்பேடான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பாப்பாவைக் குழந்தைங்க டாக்டரம்மாகிட்டக் காட்டினேன். இது கனவு இல்லை, ஆழ்ந்த தூக்கத்துல பாதி மட்டும் முழிப்பு வருது, உலுக்காதீங்க, எழுப்பாதீங்க, கீழே விழாமப் பக்கத்துல இருங்க, தானா அடங்கும், வளர வளரப் போயிடும்னாங்க. பட்டறைக்காரன் எனக்கு இதுகூடவா புரியாது, சுவிட்சை அணைச்சாலும் லேத் மெஷின் கொஞ்ச நேரம் சுத்தும், அதுல கை வைக்கிறவன் மடையன். புது ஸ்கூல்ல மத்தியானத் தூக்கம் போச்சே, அந்த அசதியா இருக்கலாம்னாங்க. இப்போ சீக்கிரமே படுக்க வைக்கிறேன், அந்தப் பொண்ணு வந்தா நானே பார்த்துக்கிறேன்னு பாப்பாகிட்டச் சொல்லியிருக்கேன். நாலு நாள்ல ஒரு தடவைதான் வந்துச்சு. அதனால வேலையை விட்டுட்டு ஓடி வராதே.

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இதே வயசுல உனக்கும் இது வந்துச்சு. நடிக்கிறேன்னு நினைச்சு முகத்துல தண்ணி ஊத்தினேன், ஒரு தடவை அடிச்சேன், தடுக்க வந்த உங்கம்மாவையும் திட்டினேன். காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி என் தோள்ல ஏறிக்கிட்ட, பார்த்தியா நடிப்புதான்னு நான் ஜெயிச்ச மாதிரி இருந்தேன். டாக்டரம்மா சொல்லச் சொல்ல, அந்தக் கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது, சொல்லாமலே போயிருக்கலாம், மனசு கேக்கலை.

நோய்நொடி இல்லாம, நினைச்சது கைகூடி நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. பாப்பாகிட்டப் பேசுறப்போ ராத்திரியைப் பத்திக் கேக்காதே. என்மேல கோபம் இருந்தா என்கிட்டயே கேளு.

உன் அப்பா