சாட்சி சொன்ன பிறகு வந்த வலி

மகனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நாங்களும் சுகம் என்று எழுதத்தான் என் கை பழகியிருக்கிறது, ஆனால் உன் அம்மா சுகமாக இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ ஜெபிக்க ஆரம்பித்துவிடுகிறாய், ஜெபத்துக்கு நடுவில் எந்த அப்பன் குறுக்கே பேசுவான்? அதனால்தான் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் போன பிறகு, நுண்ணோக்கிகளுக்கு உறை போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்த நாலாம் மாதம் உன் அம்மா சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்கு முழுசா சுகம் குடுத்துட்டார் என்று சாட்சி சொன்னாளே, அது அவளாகச் சொன்னதில்லை. இன்னும் ஒரு ஸ்கேன் பாக்கி இருக்கிறது என்று முந்தின நாளே பாஸ்டரிடம் சொன்னேன். பிரதர், நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எல்லாத்துக்கும் ரிப்போர்ட் வேணும் என்று சிரித்துவிட்டு, மறுநாள் மைக்கை அவள் கையில் கொடுத்தார். யாரோ எடுத்த வீடியோ உனக்கும் வந்தது, நீ போதகராக இருக்கிற சபையில் அதைப் போட்டுக் காட்டினாய். அன்றைக்கு அவள் எப்படிப் பூரித்துப்போனாள் தெரியுமா.

ஆறு வாரத்தில் இடுப்பில் வலி வந்துவிட்டது. எனக்கே தெரியாது. குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள். ஒருநாள் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்தது, தள்ளிப் பார்த்தால் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, பையன்கிட்ட சொல்லிடாதீங்க, எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கான், அவனுக்குத் தலைகுனிவாப் போயிடும் என்பதுதான். இந்த மாதம் இருபதாம் தேதி ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வரவே மாட்டேன் என்கிறாள். போனால் சாட்சி பொய்யாகிவிடுமாம்.

பாஸ்டராவது போகச் சொல்லட்டும் என்று அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். வாசலில் அவரை ஏற்றி வந்தவர் வண்டியை அணைக்கவே இல்லை. சாத்தான் சாட்சியைத் திருடப் பாக்கிறான் சிஸ்டர், வலிக்குதுன்னு வாயால அறிக்கை பண்ணாதீங்க என்று நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். உன் பெரியப்பா சாகக் கிடந்தபோது, என்ன பாவத்தை மறைச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டவரும் இதே மனிதர்தான். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. பாடகர் குழுப் பெண்கள் வந்து, என்னக்கா, சாட்சி சொன்ன வாயால முனகலாமா என்று கேலி பேசி, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆலயத்தைப் பெருக்கிப் பூட்டுகிற சாவிக்காரம்மா போன செவ்வாய்க்கிழமை வந்தாள். வேதாகமத்தைத் திறக்கவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, ரொம்ப வலிக்குதாக்கா என்று கேட்டாள், அவ்வளவுதான். ஆமாடி, தாங்க முடியலடி என்று உன் அம்மா ஓவென்று அழுதாள், அவளும் சேர்ந்து அழுதாள். போகும்போது, ஜெபிக்கத்தான் வந்தேண்ணே, வாய் வரல என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! வேதாகமக் கல்லூரியில் நாலு வருஷம் உனக்கு யாரும் சொல்லித்தராததை இவள் எங்கே போய்ப் படித்தாள்?

ஆனால் ஸ்கேன் விஷயத்தில் உன் அம்மா அவளுக்கும் மசியவில்லை. அவள் பயம் உன் தலைகுனிவைப் பற்றியது, அதை நீதான் போக்க முடியும். இது கிடைத்ததும் அவளைக் கூப்பிடு. வசனம் சொல்லாதே. வலிக்குதாம்மா என்று கேள், அழுது முடிக்கிற வரை வாயைத் திறக்காதே. அப்புறம், எனக்கு ஒரு அவமானமும் இல்லம்மா, போய் எடுத்துட்டு வாங்க என்று சொல். துணிச்சல் இருந்தால், என் அம்மாவுக்கு இன்னும் வலிக்கிறது என்று உன் சபையிலும் சொல். உன் முன்னால் உட்கார்ந்து அல்லேலூயா சொல்கிறவர்களில் எத்தனை பேர் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது.

நீ நன்றாக இரு, மருமகளும் நன்றாக இருக்கட்டும், கர்த்தர் உங்களைக் காப்பாராக. இருபதாம் தேதி, மறந்துவிடாதே. கீழே அப்பா என்று எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். அப்பா என்று இருந்தால், இந்த மனுஷனுக்குச் சபை மேல எப்பவும் கோபம்தான் என்று மருமகளிடம் சொல்லி மடித்து வைத்துவிடுவாய். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும், தெரியட்டும். ஆனாலும் நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு விழிக்கிற எவனோ ஒருவன் தன் போதகருக்கு எழுதியதாக இதை வாசி, அவனுக்கு நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.